பெட்டிகளில் கிடக்கும் கோல்ட் ஸ்டாரை வீட்டிலேயே ஓட வைக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் இங்கிலாந்தில் இருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் 1950களின் கடைசியில் ரேஸ் ஓட்டிய கோல்ட் ஸ்டார் என்ற, பி.எஸ்.ஏ. கம்பெனியின் பழைய பிரிட்டிஷ் பைக்கை, அவர் காலமான பிறகு குடும்பத்தார் இவரிடம் கொடுத்திருக்கிறார்கள். ஃபிரேமும் சக்கரங்களும் தனியாக, இன்ஜினும் மற்றவையும் நான்கு பெட்டிகளில். "ஒரு காருக்கான கராஜ்தான் இருக்கிறது, லேத் எதுவும் இல்லை. வீட்டிலேயே முழுதாகச் செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது? புதுசு போல மின்ன வைக்கலாமா?" என்பது அவருடைய கேள்வி.

முடியும். பத்தில் எட்டுப் பங்கு வேலையை வீட்டிலேயே செய்யலாம். கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் அச்சு), மேக்னெட்டோ (பிளக்கில் தீப்பொறிக்கான மின்சாரம் தரும் கருவி), வால்வு சீட் (வால்வு மூடி உட்காரும் வளையம்) ஆகிய மூன்றையும் மட்டும் அதற்கென்றே இருக்கும் ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள். வார இறுதிகளில் மட்டும் செய்தால் மூன்று வருடம் பிடிக்கும். எனக்கு நான்கு வருடம் ஆனது.

மின்ன வைக்கலாமா என்ற கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் உங்கள் கையில் இருப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

1937 ஜூன் 30ஆம் தேதி, புரூக்லாண்ட்ஸ் பந்தயப் பாதையில் வால் ஹேண்ட்லி என்பவர் பி.எஸ்.ஏ.வின் 500 சிசி எம்பயர் ஸ்டாரை ஓட்டி, ஒரு சுற்றை மணிக்கு 107.57 மைல் வேகத்தில் முடித்தார். அங்கே பந்தயத்தில் 100 மைலைத் தாண்டிச் சுற்றியவர்களுக்கு ஒரு சின்னத் தங்க நட்சத்திரத்தைச் சட்டையில் குத்திவிடுவார்கள். அடுத்த வருடம் வந்த வண்டிக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். போருக்குப் பிறகு 350, 500 என இரண்டு அளவுகளில் மறுபடி வந்து, மாடல் பெயரின் முன்னெழுத்துகள் மாறி மாறி, 1956இல் டி.பி.டி.34 என்று நின்றது. 499 சிசி, சிலிண்டரின் விட்டம் 85 மிமீ, பிஸ்டன் ஓடும் தூரம் 88 மிமீ. 1963 வரை பர்மிங்ஹாமின் ஸ்மால் ஹீத் தொழிற்சாலையில் செய்தார்கள்.

இது கடையில் காசு கொடுத்து வாங்கி, திங்கள் முதல் வெள்ளி வரை வேலைக்கு ஓட்டிப்போய், சனிக்கிழமை விளக்கைக் கழற்றிவிட்டுப் பந்தயத்தில் இறங்கிய வண்டி. ஐல் ஆஃப் மேன் தீவில் சாதாரண ஆட்களுக்காக நடந்த கிளப்மன்ஸ் டி.டி. பந்தயத்தில் கோல்ட் ஸ்டார்களே மொய்த்தன. அதன் கடைசி வருடமான 1956இல் பெர்னார்ட் காட் என்பவர் 350, 500 இரண்டு பிரிவுகளையும் கோல்ட் ஸ்டாரிலேயே ஜெயித்தார். நார்ட்டன் மேங்ஸ், ஏ.ஜே.எஸ். 7ஆர் போன்ற முழு ரேஸ் வண்டிகளில் கிராங்க் கேஸ் (கிராங்க் ஷாஃப்ட்டை மூடியிருக்கும் இன்ஜினின் கீழ்க்கூடு) மெக்னீசியம். உதிரி பாகம் யானை விலை. கோல்ட் ஸ்டாரில் அலுமினியம், கம்பிகளால் வால்வைத் தள்ளித் திறக்கும் எளிய புஷ்ராட் இன்ஜின், பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்பட்டு வருகின்றன. வீட்டு கராஜில் செய்யக்கூடிய பிரிட்டிஷ் ரேஸ் வண்டி என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் அதே காரணத்தால் போலிகளும் நிறைய. பி.33 என்ற சாதாரண 500 சிசி வண்டியும் இதே குடும்பம். அதன் ஃபிரேமில் கோல்ட் ஸ்டார் இன்ஜினை மாட்டிப் பெயரை ஒட்டிவிட்டால் பார்ப்பவருக்குத் தெரியாது. உங்கள் ஃபிரேமைத் திருப்பிப் போட்டு, வலது பக்கக் கீழ்க்குழாயைப் பாருங்கள். ஆயில் பம்ப் புடைப்புக்கு இடம் விட்டு அந்தக் குழாய் உள்பக்கம் ஒடுங்கி வளைந்திருக்க வேண்டும். சைட்கார் மாட்டும் கொளுவிகள் இருக்கக்கூடாது. ஃபிரேம் எண் சி.பி.32 என்றும், இன்ஜின் எண் டி.பி.டி.34ஜி.எஸ். என்றும் தொடங்கும். எண்களைக் குறித்து விண்டேஜ் மோட்டார்சைக்கிள் கிளப்பின் நூலகத்துக்கு எழுதுங்கள், பி.எஸ்.ஏ. தொழிற்சாலைப் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. ஒரு பாகத்தையும் தேய்ப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். எண் அடித்த இடத்தில் எமரி தாள் பட்டால், பின்னால் எவ்வளவு உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

சரி, இப்போது மின்ன வைப்பதற்கு வருகிறேன்.

தெருவில் ஓடிய வண்டிக்குத் தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் நிலை என்று ஒன்று உண்டு. ரேஸ் வண்டிக்கு அது முதல் வாரமே போய்விடும். உங்கள் பெரியவர் வாங்கிய மாதத்திலேயே பிரேக் தகட்டில் காற்றுக்காக ஓட்டை போட்டிருப்பார். ஆயில் டிரெயின் போல்ட்டின் தலையில் கம்பி கோர்க்க ஒரு பொடித் துளை இருக்கும். கழன்று எண்ணெய் பாதையில் கொட்டாமல் இருக்கப் பந்தயத்தில் அது கட்டாயம். ஃபுட்ரெஸ்டின் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். எந்தப் பக்கம் என்று பாருங்கள், அவர் ஓட்டிய பாதை எந்தத் திசையில் சுற்றியது என்று அது சொல்லும். டேங்கின் மேல் நெஞ்சும் தாடையும் பட்டுப் பட்டு பெயின்ட் மங்கியிருக்கும். இவற்றையெல்லாம் பாலிஷ் போட்டு அழித்துவிட்டால், கையில் மிஞ்சுவது பெயர் தெரியாத ஆளின் பளபளப்பான பைக். நான் முதலில் செய்த ஒரு வண்டியில் இதைச் செய்தேன். பழைய பந்தய எண்ணின் வெள்ளைப் பெயின்ட் டேங்கின் ஓரத்தில் இருந்தது. அதைச் சுரண்டிய பிறகுதான் அதன் சொந்தக்காரரின் மகள் ஒரு புகைப்படத்தோடு வந்தார். அதே எண், அதே டேங்க்.

அதனால் நான் வைத்திருக்கும் விதி இதுதான். உயிர் எதன்மேல் தொங்குகிறதோ, அதில் இரக்கமே கூடாது: ஸ்போக், டயர், பிரேக் லைனிங், கனெக்டிங் ராட், ஹேண்டில் பார், கேபிள் எல்லாம் புதிது, அல்லது விரிசல் சோதனையில் தேறியது. மற்றதைத் தொடுவதற்கு முன் மூன்று முறை யோசியுங்கள். கோடு விழுந்த டேங்க் கோடு விழுந்தபடியே இருக்கட்டும்.

பெட்டிகளைத் திறக்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் தனியாகப் படம் எடுத்து, உறையில் போட்டு, தமிழிலோ ஆங்கிலத்திலோ பெயர் எழுதுங்கள். வளைந்த போல்ட், உடைந்த வளையம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். காரணம் திருகு மரை. இந்த வண்டியில் 5/16 இஞ்ச் போல்ட் என்றால், ஓர் இஞ்சுக்கு 26 மரை கொண்ட சைக்கிள் மரையாக இருக்கலாம், 22 கொண்ட பி.எஸ்.எஃப். (பழைய பிரிட்டிஷ் நுண்மரை) ஆக இருக்கலாம், அலுமினியத்துக்குள் போவது 18 கொண்ட விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் பெருமரை) ஆகவும் இருக்கலாம். இடையில் எவராவது கார் கடையில் வாங்கிய 24 மரை போல்ட்டை முறுக்கி ஏற்றியும் இருக்கலாம். நான்கும் முதல் இரண்டு சுற்று கையாலேயே போகும். மூன்றாவதில் மரை நாசம். பழைய பழுதான போல்ட்தான் அந்தத் துளைக்கு உரிய மரையைச் சொல்லும் சாட்சி. மரையின் நெருக்கத்தை அளக்க ஒரு மரை கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள், விலை குறைவுதான்.

ஸ்பேனரும் அப்படியே. விட்வொர்த் ஸ்பேனரில் இருக்கும் எண் போல்ட்டின் தடிமனைக் குறிக்கும், வாயின் அகலத்தை அல்ல. 1/4 என்று போட்டிருக்கும் ஸ்பேனரின் வாய் 0.525 இஞ்ச், அதாவது 13.3 மிமீ. 13 ஏறாது, 14 ஏறும், ஆனால் முனைகளை உருட்டிவிடும். சென்னையில் பழைய புல்லட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை பழக்கமானதுதான்; இங்கிலாந்திலிருந்து புல்லட்டோடு கூடவே வந்து இறங்கியது இது.

இன்ஜினைக் கழற்றும்போது உள்ளே பழுப்பு நிறத்தில் அரக்கு மாதிரி ஒரு பூச்சு தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். அது விளக்கெண்ணெய். அந்தக் காலத்து ரேஸ் இன்ஜின்கள் ஆமணக்கு எண்ணெயில்தான் ஓடின. கேஸ்ட்ரால் என்ற பெயரே 'கேஸ்டர்' என்பதிலிருந்து வந்தது. உலோகத்தை விட்டு விலகாமல் ஒட்டிக்கொள்ளும் குணத்தில் அன்றைக்கு அதற்கு ஈடான எண்ணெய் கிடையாது. ஆனால் வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் கெட்டியாகி, எண்ணெய்த் துவாரங்களை அடைத்துவிடும். பெட்ரோலால் கழுவினால் போகாது. விளக்கெண்ணெய் ஸ்பிரிட்டில் கரையும், மற்ற எண்ணெய்களிலிருந்து அது வேறுபடும் இடம் அதுதான். மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் ஊற வைத்து நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் ஹீட்டர் வேண்டாம். காஸ்டிக் சோடாவை அலுமினியத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பின்னால் இன்ஜினைச் சாதாரண மினரல் ஆயிலில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் பழைய எண்ணெய் ஒரு சொட்டுகூட மிஞ்சக்கூடாது. இரண்டும் கலக்காது, கசடாகத் திரளும்.

கிராங்க் கேஸைப் பளிச்சென்று ஆக்க, நுண்ணிய கண்ணாடி மணிகளைக் காற்றோடு வேகமாக அடித்துச் சுத்தம் செய்யும் பிளாஸ்டிங் செய்யச் சொல்லி எல்லாரும் யோசனை சொல்வார்கள். இதில் எனக்குப் பட்ட அடியைச் சொல்கிறேன். ஒரு பட்டறையில் கொடுத்தேன், வெள்ளி மாதிரி வந்தது. கழுவி, காற்றடித்து, பூட்டினேன். 180 மைல் ஓடியதும் பிக் எண்டில் (கனெக்டிங் ராட் கிராங்க்கோடு சேரும் முனை) சத்தம். பிரித்துப் பார்த்தால், எண்ணெய் வழியின் ஒரு முட்டுச் சந்தில் ஒளிந்திருந்த கண்ணாடித் துகள்கள் எண்ணெயோடு போய் ரோலர்களைத் தின்றிருந்தன. அப்போதிலிருந்து இன்ஜினின் உள்பாகம் எதையும் நான் பிளாஸ்டிங்குக்கு விடுவதில்லை. வெளிப்புறத்துக்கு மட்டும் வேண்டுமென்றால் தண்ணீரோடு அடிக்கும் வேப்பர் பிளாஸ்டிங் செய்யுங்கள். அதற்கும் முன்னால் எண்ணெய் வழிகளை அடைத்திருக்கும் திருகுகளைக் கழற்றி, ஒவ்வொரு வழியிலும் பைப் கிளீனர் மறுபக்கம் வெளியே வருகிறதா என்று நீங்களே பாருங்கள்.

கிராங்க் கேஸிலிருந்து பேரிங்கை அடித்து எடுக்காதீர்கள். சூடேறும்போது அலுமினியம் எஃகைவிடச் சுமார் இரண்டு மடங்கு விரியும். 120 டிகிரி செல்சியஸ் ஓவனில் அரை மணி நேரம் வைத்து, எடுத்து, மரப்பலகையில் ஒரு தட்டுத் தட்டினால் பேரிங் தானாக விழும். புதியதை ஃபிரீசரில் வைத்து, சூடான கேஸில் இறக்கினால் விரலாலேயே உட்காரும். சமையல் ஓவனை இதற்குத் தொடாதீர்கள், வீடு ஒரு வாரம் எண்ணெய் நாறும். பழைய ஓவன் ஒன்றை கராஜுக்கென்று வாங்குங்கள்.

கிராங்கை நீங்களே பிரிக்க வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா, அதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு ஃபிளைவீல், நடுவில் ஒரு கிராங்க் பின், அதைச் சுற்றி ரோலர்கள், மேலே பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராட். நட் போட்டு இறுக்கிய அமைப்பு. திரும்பச் சேர்க்கும்போது இருபக்க ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் 0.002 இஞ்சுக்குள், அதாவது 0.05 மிமீக்குள் ஓட வேண்டும். டயல் கேஜும், இரண்டு சென்டர்களுக்கு நடுவே சுழற்றும் ஏற்பாடும், செம்புச் சுத்தியலால் எங்கே தட்டுவது என்ற அனுபவமும் வேண்டும். இந்த இன்ஜின் 7,000 ஆர்.பி.எம். சுற்றும். ராட் அறுந்தால் கேஸைப் பிளந்துகொண்டு உங்கள் கால் பக்கம்தான் வெளியே வரும். பழைய ராடையே போடுவதென்றால் காந்தத் துகள் சோதனையில் விரிசல் இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். நான் புது ராடுதான் போட்டேன், பழையதைத் துணியில் சுற்றி வண்டியின் காகிதங்களோடு வைத்திருக்கிறேன்.

சிலிண்டர் ஹெட்டில் வால்வு கைடும் சீட்டும் மாற்றுவது மெஷின் வேலை. ஆனால் அளப்பது உங்கள் வேலை. பிஸ்டன் எந்த ஓவர்சைஸ், வால்வைத் திறக்கும் கேம்கள் எந்த வகை என்று குறித்து வையுங்கள். சாலை, டி.டி., ஸ்கிராம்பிள் (கரடுமுரடான மண் பாதைப் பந்தயம்) என்று வேலைக்குத் தகுந்த கேம்களை இந்த இன்ஜினுக்குப் போட்டார்கள். பார்ட் நம்பர் கேமிலேயே இருக்கும். கேமுக்குப் பொருந்தாத பிஸ்டனைப் போட்டால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். மூடுவதற்கு முன் பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, கையால் இரண்டு சுற்று சுற்றி, களிமண்ணில் பதிந்த தடத்தின் கனத்தைப் பாருங்கள். டேப்பட் இடைவெளியை (வால்வை அசைக்கும் பாகங்களுக்கு நடுவே விடும் சிறு இடம்) ராக்கர் அச்சைத் திருப்பித்தான் வைக்க வேண்டும். அந்த அச்சு மையம் விலகிச் செய்தது. திருகு தேடி ஏமாறாதீர்கள்.

மேக்னெட்டோதான் இந்த வண்டியை வைத்திருக்கும் பலரும் வெறுத்துப்போகும் இடம். காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும், பத்து மைல் போய் சூடேறியதும் நிற்கும், ஆறினால் மறுபடி கிளம்பும். அப்படியென்றால் கார்புரேட்டரைக் குடைய வேண்டாம். ஆர்மச்சரின் உள்ளே இருக்கும் கண்டன்சர் போயிருக்கும், அல்லது சுருளுக்குப் பூசிய அந்தக் கால ஷெல்லாக் அரக்கு இளகியிருக்கும். இரண்டையும் மாற்றி, எபாக்ஸி பூசிச் சுற்றிக் கொடுக்கும் ஆட்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். காந்தத்துக்கும் புதிதாக வலுவேற்றித் தருவார்கள். திரும்ப வாங்கும்போது சூடாக்கிச் சோதித்தார்களா என்று கேளுங்கள்.

டைமிங், அதாவது தீப்பொறி விழும் கணத்தை வைக்க, கோண அளவு குறித்த டிகிரி தட்டும் ஒரு சிகரெட் தாளும் போதும். அட்வான்ஸ் லீவரை முழு அட்வான்ஸில் வைத்து, மேக்னெட்டோவில் மின்தொடர்பைத் திறந்து மூடும் பாயின்ட் நடுவே தாளைக் கொடுத்து மெதுவாக இழுத்தபடி இன்ஜினைச் சுற்றுங்கள். தாள் எந்தக் கணத்தில் விடுபடுகிறதோ, அதுதான் பாயின்ட் திறக்கும் கணம்.

கார்புரேட்டர் ஆமல் ஜி.பி. வகை, ஒன்றரை இஞ்ச் வாய். இதற்கு ஐடிலிங் ஏற்பாடே கிடையாது. சிக்னலில் நின்றால் கையால் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். பழுது என்று நினைத்து மாதக்கணக்கில் சரிசெய்யப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். ஃப்ளோட் சேம்பர் தனியாகத் தொங்கும். அதன் உயரம் கொஞ்சம் மாறினாலும் கலவை மாறிவிடும். கியர் பாக்ஸில் ஆர்.ஆர்.டி.2 என்று அடித்திருந்தால் அது நெருக்கமான ரேஸ் கியர்கள். முதல் கியரிலேயே 60 மைல் வரை போகும், அதனால் கிளம்பும்போது கிளட்ச்சை நிறைய வழுக்க விட வேண்டும். ஊருக்குள் ஓட்ட இது கொஞ்சமும் வசதி இல்லை. ஆனாலும் மாற்றாதீர்கள், இந்த வண்டியின் குணமே அதில்தான் இருக்கிறது.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது காற்றடிக்கவே கூடாது. பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கும். முகமூடி போட்டு, ஈரத் துணியால் துடைத்து, துணியோடு பையில் கட்டிவிடுங்கள். டேங்க் ஓட்டையை வெல்டிங் வைக்க நினைத்தால், எத்தனை வருடம் காலியாகக் கிடந்திருந்தாலும் வீட்டில் வேண்டாம்.

போல்ட்களுக்கு ஸிங்க் முலாம் பூசக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமிலத்தில் நனைந்த உறுதி மிக்க எஃகில் ஹைட்ரஜன் புகுந்து, வெளியே தெரியாமல் நொறுங்கும் தன்மை வந்துவிடும். முலாம் முடிந்த உடனே 200 டிகிரி அருகில் சில மணி நேரம் சுட்டுத் தரச் சொல்லுங்கள். பிரேக், ஃபோர்க் போல்ட்களுக்கு முலாமே வேண்டாம், எண்ணெய் தடவிய கறுப்பு மேற்பூச்சு போதும். அழகுக்காக ஸ்டெயின்லெஸ் போல்ட்களை அங்கே போடுபவர்களும் உண்டு. சாதாரண ஸ்டெயின்லெஸ் அந்த இழுவைக்குத் தாங்காது.

காகித வேலை சுருக்கம்தான். சாலைக்குக் கொண்டுவருவதென்றால், பி.எஸ்.ஏ. ஓனர்ஸ் கிளப் போன்ற அங்கீகாரம் பெற்ற கிளப்பிடம் வயதுச் சான்று வாங்கி, வண்டிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான டி.வி.எல்.ஏ.க்கு விண்ணப்பியுங்கள். பெட்ரோல் விஷயத்தில் கவனம். 2021 செப்டம்பரிலிருந்து அங்கே சாதாரண பெட்ரோல் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய டேங்க் சீலரையும் ரப்பரையும் அது தின்னும். 5 சதவீத சூப்பர் வகையைப் போட்டு, குளிர்காலத்தில் டேங்க்கைக் காலி செய்யுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டிரெயின் போல்ட்டைத் திறந்து பாருங்கள். பம்ப்பில் இருக்கும் குண்டு வால்வு சரியாக அடைக்காவிட்டால், ஆயில் டேங்க்கில் இருப்பதெல்லாம் இரவோடு இரவாக கிராங்க் கேஸில் இறங்கியிருக்கும். அப்படியே உதைத்தால் எண்ணெய் சீல் வழியாகப் பீய்ச்சும். வடித்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஆயில் டேங்க் மூடியைத் திறந்து வைத்து உதைத்துக்கொண்டே இருங்கள். திரும்பும் குழாயிலிருந்து எண்ணெய் டேங்க்குக்குள் கொட்டுவதைக் கண்ணால் பார்க்கும் வரை பிளக்கைப் போடாதீர்கள். இன்ஜின் பிடித்ததும் மறுபடி அந்தக் குழாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முதல் 50 மைலில் எண்ணெயை மாற்றி, ஹெட் போல்ட்களை ஆறிய இன்ஜினில் திரும்ப இறுக்கி, டேப்பட் பாருங்கள். 500 மைல் வரை முழுத் திராட்டில் வேண்டாம். அதற்குப் பிறகு, ஒருநாள் மேட்டில் நன்றாக ஓட்டிவிட்டு இறக்கத்தில் திராட்டிலை மூடுங்கள். கோல்ட் ஸ்டார் சைலன்சர் மட்டும் போடும் ஒரு குருவிச் சத்தம் பின்னால் கேட்கும். பெரியவரின் வீட்டார் பக்கத்தில்தானே இருக்கிறார்கள், அவர்கள் தெரு வழியாகத் திரும்பி வாருங்கள்.